காற்று திரும்பிய காலை

எட்வின் எடுத்த புகைப்படத்துக்குப் பரிசு கிடைத்ததிலிருந்து, கூட்டாளி மதியழகனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பரிசை வாங்க எட்வின் இன்று டெல்லிக்குப் பறக்கிறான். அந்த விமானத்தையே வானத்தில் வைத்துப் படம் பிடித்தால் அவன் படம் எம்மாத்திரம் என்று, ஓடுபாதையை ஒட்டிய தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மதியழகன் ட்ரோனை ஏற்றினான். இந்த மாதங்களில் விமானங்கள் கிழக்கு நோக்கித்தான் எழும். ட்ரோனை ஓடுபாதையின் மேற்கு முனையில் நிறுத்தினால் யாருக்கும் ஆபத்தில்லை.

"எட்வின் அண்ணனுக்கு ஜன்னல் சீட்டாம். நம்ம மாடியப் பாத்துக் கை காட்டுறேன்னாரு" என்றாள் மனைவி கோகிலா, துணி காயப்போட்டபடி.

"காட்டட்டும். இனி அவருக்கு நம்மள எங்க தெரியப்போவுது."

கொடியில் கிடந்த சேலை எழுந்து அவன் முகத்தில் அறைந்தது.

"காத்து மாறிடுச்சுங்க, மேக்கேருந்து வருது."

விமானம் எதிர்காற்றில்தான் எழும்; அப்படியென்றால் இன்று மேற்கு நோக்கி. கையிலிருந்த ரிமோட்டின் திரையில் வால் தெரிய வேண்டிய இடத்தில் மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. எட்வினால் ஆயுசுக்கும் எடுக்க முடியாத படம்.

கோகிலா ஈரக்கையை உயர்த்தி ஆட்டினாள். மதியழகனின் கட்டைவிரல் ட்ரோனை இறக்கும் குச்சியை முழுப் பலத்தோடு அழுத்தியது. ஆள்காட்டி விரல் மட்டும் படமெடுக்கும் பொத்தானை விட்டு எழவில்லை.