இருநூறு நேயர்கள்

எழில் ராஜினாமாக் கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பேக்கரியில் எதிரே உட்கார்ந்திருந்த சிநேகிதன் மருதாசலம் அதைப் பார்த்துவிட்டுப் பாதித் தேங்காய் பன்னைத் தட்டில் வைத்தான்.

"காலைல பம்பு கம்பெனிக்கு ஒரு கும்பிடு. அப்படியே மெட்ராஸ்," என்றான் எழில். தோளில் கிட்டார் தொங்கியது. "மூணு வருச அக்ரிமென்ட்டாம். ரேடியோவுக்கு என்ற பாட்டைக் கேட்டு வர்ற கார்டுகளைப் பத்திக் கேள்விப்பட்டுக் கேசட் கம்பெனிக்காரங்களே தேடி வந்திருக்காங்கடா."

எழில் பம்பு கம்பெனியில் படம் வரைகிறவன். பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, கிட்டாரோடு அவனே பாடிய 'ஏழாம் நம்பர் பஸ்', எட்டு ஞாயிறாக நேயர் விருப்பத்தில் முதலிடத்தில் இருந்தது. கடிதங்கள் குவிகின்றன என்று வாராவாரம் ரேடியோவில் சொன்னார்களே தவிர, பேர்களைப் படிக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

"ஒண்ணு சொல்லோணும் எழிலு. அடிக்கக்கூடாது."

"சொல்லு. அடிக்கறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கறேன்."

மருதாசலம் பள்ளிக்கூட கிளார்க். கைப்பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து பேக்கரி மேஜைமேல் வைத்தான். வரிசை எண், பேர், ஊர், மை நிறம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது.

"இதென்ன, உங்க ஸ்கூல் வருகைப் பதிவேடா?"

"உன்ற ரசிகருங்க. இருநூறு பேரு. எல்லாம் நானே எழுதிப்போட்டது."

எழிலின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. மெல்ல மெல்லத்தான் போனது.

"முதல் வாரம் ஒருத்தரும் எழுதலீன்னா நீ ஒடிஞ்சு போயிருவியேன்னு இருபத்தஞ்சு கார்டு எழுதினேன். அப்புறம் நிறுத்த முடியல. பச்சை மை, ஊதா மை, இடது கைலகூட எழுதினேன். ஒரே ஊரு முத்திரையா இருந்தா சந்தேகம் வருமேன்னு போஸ்ட் பண்றதுக்கு எங்கூட்டுக்காரி சண்முகப்ரியாகிட்டக் குடுத்தேன். தையல் டீச்சர் வேலைக்கு அவ கிணத்துக்கடவு போறா. லீவுன்னா உடுமலைப்பேட்டைல அவங்கம்மா ஊட்டுக்குப் போறா. அங்கங்க பெட்டில போடச் சொன்னேன்."

எழில் பக்கங்களைப் புரட்டினான். விரல் ஒவ்வொரு பேராக இறங்கி வந்தது.

"போன வாரம் அதிசயமா ஒரு பேரு வாசிச்சாங்களே, கொடுமுடி ராசப்பன்னு. இதுல காணமே?"

"பதிய உட்டுப்போயிருக்கும்."

"நீயா? பஸ் டிக்கெட்டு நம்பரையே எழுதி வெக்கறவன் நீ."

"ஏதோ அவசரத்துல உட்டிருப்பேன்டா."

எழில் நோட்டை மூடினான். "அப்ப என்ற பாட்டை ஒருத்தனும் கேக்கல."

"நான் கேட்டேன்டா."

"ஆமா. நீ கேட்டே. இருநூறு பேருக்கும் சேத்து." தேநீரைத் தள்ளி வைத்தான். "இத்தனை நாளா வாயைத் தொறக்காதவன் இன்னைக்கு எதுக்குச் சொல்றே?"

"கைக்குழந்தையோட வேலையை உட்டுப்போட்டுக் கிளம்பறே. அங்க போயி கேசட்டு ஓடலீன்னா அந்தப் பாவம் என்னையத்தான சேரும்? நீ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்லியாகோணும்னு தோணுச்சு."

எழில் எழுந்து, பக்கத்திலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஐயா, கோயமுத்தூர்ல இருந்து எழில் பேசறனுங்க. அந்தக் கார்டெல்லாம் நெசமில்லீங்க. என்ற சிநேகிதன் எழுதினதுங்க... இல்லீங்க, பாட்டு நல்லாருக்குன்னு நீங்க மரியாதைக்குச் சொல்றீங்க... வேற ஆளைப் போட்டுக்குங்க. உங்களை ஏமாத்திப்போட்டு வந்தா எனக்குப் பாட வராதுங்க."

வெளியே வந்தான். "பெங்களூர்ப் பையன் ஒருத்தன் காத்திட்டிருந்தானாம். அவனுக்கே குடுத்துட்டாங்க."

ராஜினாமாக் கடிதத்தை நாலாகக் கிழித்து பேக்கரிக் குப்பைக் கூடையில் போட்டான். கிட்டாரைக் கழற்றி மருதாசலத்தின் மடியில் வைத்தான்.

"உங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வெச்சுக்க. எங்கூட்டுல இனி எடத்தை அடைக்கும்."

குரலில் கோபம் இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால் தேவலாம் என்று மருதாசலத்துக்கு இருந்தது.

சிங்காநல்லூர் வீட்டில் சண்முகப்ரியா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கிட்டாரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, இது எழில் அண்ணனோடதாச்சுங்களே?"

அவன் நடந்தது முழுவதையும் சொன்னான். "மூஞ்சியப் பாக்க முடியல அம்மணி. ஆனா நெசத்தைச் சொல்லிப்போட்டேன். ஒரு குடும்பம் தெருவுல நிக்காம தப்பிச்சுது."

துணி மடித்த கை நின்றது. "மெட்ராசுக்குப் போன் பண்ணியே சொல்லிட்டாருங்களா?"

"ஆமா. வேற ஆளும் எடுத்தாச்சு."

"திரும்பக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"யாரை நம்பிக் கேக்கறது? அவன் பாட்டைக் கேட்டு எழுதினது நான் ஒருத்தன்தான?"

சண்முகப்ரியா அவனுடைய வேட்டியின் ஒரு முனையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய்ப் பேருல எழுதினா போலீசு வந்துருமோன்னு எனக்கு ஒரே பயமுங்க. சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு..."

"என்ன கண்ணு சொல்றே?"

"அந்தக் கார்டுல ஒண்ணைக்கூட நான் போஸ்ட் பண்ணலீங்க."