மூன்று நாள் நீலம்

“மூணே நாள்தான் ஓய். கை ஒடிஞ்சுடுத்து!”

லேக் மார்க்கெட் ராசிக்கல் கடையில் சேஷாத்ரி போட்ட சத்தத்துக்கு, காத்திருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருடைய வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ரங்கநாயகி, அழுது வீங்கிய முகத்தோடு. காலையில் அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டதும் அவள்தான்.

கடைக்காரர் பட்டாபிராமன். ஜோசியரும் அவரே, கல் வியாபாரியும் அவரே. வியாதியைச் சொல்கிறவனே மருந்தையும் விற்றால், ஊரில் ஒருத்தனாவது சுகமாக இருப்பானா?

பெண் அனன்யாவுக்கு இரண்டு வரன் கிட்டே வந்து தட்டிப் போயிற்று. “அப்பாவுக்குச் சனி சரியில்லை. அவர் நீலம் போட்டால் பெண்ணுக்கு முடியும்” என்று பட்டாபிராமன் சொல்லிவிட்டார். ரங்கநாயகி புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் கல்யாணத்துக்கென்று பண்ணி வைத்திருந்த நாலு வளையலையும் பட்டாபிராமனிடம் கொடுத்துவிட்டு, கட்டைவிரல் நகம் அளவு ஒரு கல்லை வாங்கி வந்தாள்.

சேஷாத்ரி நிலவியல் ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் பாறையைத் தட்டிப் பார்த்து ரிட்டயர் ஆனவர். கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தார். உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழி. பூமிக்குள் விளைந்த நீலத்தில் அப்படி வராது, உருக்கி ஊற்றிய கண்ணாடியில்தான் வரும். சோடா பாட்டிலுக்குத் தம்பி.

வீட்டில் சொல்லிப் பார்த்தார். “உங்களுக்குக் கல்லுன்னா ரோடு போடத்தான் தெரியும்” என்றாள் ரங்கநாயகி. முப்பத்துநாலு வருஷப் படிப்புக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

கடையில் போய்ச் சொன்னால், “நீங்க கல்லை மாத்திக் கொண்டுவந்துட்டேள்” என்பார் பட்டாபிராமன். இந்தத் தொழிலில் இருக்கிறவன் வேறு என்ன சொல்லுவான்?

ஆனால் நீலத்துக்கு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாதாம். மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் ஏதாவது கெடுதல் நடந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகலாம். பட்டாபிராமன் கடைச் சுவரிலேயே எழுதி மாட்டியிருக்கிறார். கெடுதல் நடக்காது என்கிற தைரியம்தான். கண்ணாடி யாரை என்ன செய்யும்?

முந்தாநாள் சேஷாத்ரி பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக் கடையில் கட்டுத் துணி ஒரு சுருள் வாங்கினார். ஸ்டேஷன் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றைக் கையாலும் பல்லாலும் தானே சுற்றிக்கொண்டார். எலும்புக்கு ஒரு குறைவும் இல்லை. வீட்டில் போய், ஸ்டேஷன் படியில் விழுந்துவிட்டேன் என்றார்.

“படியில கால் தடுக்கினதுக்குக் கல்லு என்ன சார் பண்ணும்?” என்றார் பட்டாபிராமன், மற்றவர் காதில் விழாத மாதிரி.

சேஷாத்ரி காத்திருந்தது இதற்குத்தான். “ஒண்ணும் பண்ணாதா? அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லும் ஓய்! இவா எல்லாம் இங்க எதுக்கு உக்காந்துண்டிருக்கா? கேட்டுண்டு ஆத்துக்குப் போகட்டுமே!”

பட்டாபிராமன் பெஞ்சைப் பார்த்தார். நாலு பேர், நாலு பர்ஸ். வியாபாரிக்கு நாக்கைத் திருப்பிப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

“அடடா, நான் அப்படியா சொன்னேன்? அசல் நீலம் சார் அது! ஒத்துண்டா கோபுரத்துல ஏத்தும், ஒத்துக்கலேன்னா கையைக் காலை முறிக்கும். உயிரோட வந்தேளே, அதுவே பெருமாள் புண்ணியம்.”

“கீ ஷொர்போநாஷ்!” என்று சர்வநாசத்தைக் கூப்பிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள் பெஞ்சில் இருந்த வங்காளிப் பெண்மணி. அவளுக்கு விரலுக்கு ஒரு மோதிரம் ஏற்கெனவே இருந்தது.

“மூணு நாள்லயே கையா! செம பவர் சார்” என்றான் அவள் பக்கத்தில் காத்திருந்த சிபி. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கிற வேலையாம் இவனுக்கு. “அந்தக் கல்லையே எனக்குக் குடுங்க. அடுத்த மாசம் அப்ரைசல் வருது.”

பட்டாபிராமன் முகம் மலர்ந்துவிட்டது. இரும்புப் பெட்டியைத் திறந்து, நாலு வளையலையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். சேஷாத்ரி திருப்பிக் கொடுத்த கல் நேரே சிபியின் உள்ளங்கைக்குப் போயிற்று.

பொய்க்குப் பொய் சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார் சேஷாத்ரி. வீட்டுக்குப் போகும் வழியில் கட்டைப் பிரித்து எறிந்துவிடலாம். பெண்ணின் நகை பெண்ணுக்கு. இடது கையை நீட்டினார்.

அதற்குள் ரங்கநாயகி வளையல்களை எடுத்துவிட்டாள். எண்ணிப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பட்டாபிராமன் பக்கமே தள்ளி வைத்தாள்.

“கல்லுக்கு ஒரு சக்தியும் கிடையாதுன்னு இவர் சொன்னப்போ, எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துடுத்து மாமா. இப்போ கண்ணால பார்த்தாச்சு.”

சேஷாத்ரி வாயைத் திறந்தார். கைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வளையல் மறுபடி பெட்டிக்குள்தான் போகும், சொல்லாவிட்டாலும் அங்கேதான். நீட்டிய இடது கையை மடக்கிக்கொண்டார்.

ரங்கநாயகி கட்டுப் போட்ட கையை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

“பொண்ணைத் தாரை வார்க்கற கையாச்சே. எலும்பு சீக்கிரம் சேர எந்தக் கல்லு மாமா போடணும்?”