இருபத்து மூன்றாவது பெயர்

ஒஸ்லோவிலிருந்து நாடாளுமன்றம் போகிற பதினேழு பேரின் படங்களையும் பத்திரிகையில் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

என் முகம் இல்லை.

மாதாவே, உனக்கு ஒரு மெழுகுதிரி போதாது. ஒரு மெழுகுதிரித் தொழிற்சாலையே கட்டித் தரலாம்.

2005 செப்டெம்பர், செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் கோப்பிக் கடை. தேர்தலில் தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட வேட்பாளர் நோர்வேயில் மட்டுமல்ல, பூமியிலேயே நான் ஒருவன்தான்.

எல்லாம் ஆள் தேடி வந்த ஒரு கட்சிப் பிள்ளையால் வந்தது. பட்டியலை நிரப்ப ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும், கடைசி இடம்தான், வெல்ல மாட்டீர்கள், பயப்படாதீர்கள் என்றாள். இருபத்து மூன்றாவது பெயராக ஒப்பமிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் நாலு பேரிடம் சொன்னேன். நாற்பது பேர் கைகொடுத்தார்கள். நானூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் அச்சடித்த வாக்குச் சீட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த ஆண்டு.

கிளெமென்ற், 1943.

பதினெட்டு வருடமாக நான் 1938இல் பிறந்தவன்.

1987இல், வடக்கே ஒரு மீன் ஆலையின் விடுதியில், எனக்கும் ஆன்ட்ரியாசுக்கும் ஒரு இரட்டைத்தட்டுக் கட்டில் கொடுத்தார்கள். அவன் மன்னார்ப் பேசாலை, நான் தீவுப்பக்கம் நாரந்தனை. முன்பின் தெரியாது. மூத்தவருக்குத்தான் கீழ்த்தட்டு என்றான், மரியாதை தெரிந்தவன். தான் 1940 என்றான்.

கண் இமைக்காமல் ஐந்து வயதைக் கூட்டிச் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் அண்ணை, அவன் தம்பி. நான் உட்கார்ந்திருப்பேன், அவன் வரிசையில் நின்று கோப்பி எடுத்து வருவான். அண்ணைக்குப் பொருத்தமாக ஒரு காலை இழுத்து நடக்கவும் பழகிக்கொண்டேன். இந்த வருடம் அறுபத்திரண்டில் முன்கூட்டியே ஓய்வு கிடைத்தபோது, அறுபத்தேழு முடிந்தது என்று ஊரைக் கூட்டிக் கேக் வெட்டினேன். இந்தப் பாவத்துக்கு என் மனைவி அனஸ்ரேசியாதான் வருடா வருடம் என் சார்பில் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள்.

வென்றால் பத்திரிகையில் படம் வரும். படத்துக்குக் கீழே வயது வரும். அதோடு என் அண்ணை உத்தியோகம் போச்சு.

அதற்குள் ஆன்ட்ரியாஸ் வேறு கிளம்பிவிட்டான்.

“கடைசியிலை கிடக்கிற உங்களை நான் மேலை தூக்கிறன் அண்ணை. உங்கடை பேருக்குப் பக்கத்திலை ஒண்டு எண்டு போட்டால் சரி. ஊரிலை இப்ப விருப்பு வாக்கு அப்பிடித்தானே!”

இங்கே கட்சிக்கு வாக்களித்தவர்களில் பாதிப்பேர் அதே மாற்றத்தைச் செய்தால்தான் அது எடுபடும் என்று கட்சிப் பிள்ளை சொல்லியிருந்தாள். எங்கள் சனத்தை அவளுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஒண்டு போட வேண்டுமென்றால் அவன் என் பெயரைத் தேட வேண்டும். பெயரைக் கண்டால் ஆண்டையும் காண்பான்.

ஆகவே நேற்று, பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில், வாக்களிக்கும் வரிசையில் நிற்கும்போது, அவன் கோட்டுப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து என் பைக்குள் போட்டேன். பெரிய பெரிய திருடர்களெல்லாம் என்னிடம் வந்து தொழில் படிக்கலாம்.

“கண்ணாடியைக் காணேல்லை அண்ணை.”

“பரவாயில்லை தம்பி, சீட்டை அப்பிடியே மடிச்சுப் போடு.”

மடித்துப் போட்டான்.

இப்போது எல்லாம் முடிந்தது. கட்சிக்கு இரண்டே இரண்டு ஆசனம். எனக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவில், தினமும் மீன் எண்ணெய் குடிக்கிற இருபது நோர்வேக்காரர் கல்லு மாதிரி நிற்கிறார்கள். மிச்சச் சீட்டுகளையெல்லாம் அரைத்துக் கழிவறைக் கடதாசி ஆக்கிவிடுவார்கள். 1943 தண்ணீரோடு போய்விடும்.

ஆன்ட்ரியாஸ் வந்தான். அவனுக்கு மாலை வேலை, காலையில் வந்துவிடுவான். அவசரமாக முகத்தைச் சோகமாக்கிக்கொண்டேன்.

“தோத்துப்போனன் தம்பி.”

அவன் வரிசைக்குப் போகவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்து, மேசைக்கு மேலாகக் கையை நீட்டினான்.

“கண்ணாடி.”

எடுத்துக் கொடுத்தேன்.

போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தான்.

“கரோலினா நேற்றுச் சீட்டைப் பாத்திட்டா. வீடு முழுக்க ஒரே சிரிப்பு. இனி என்னாலை மறைக்கேலாது.”

அந்த வீட்டில் இரண்டு வாக்கு, இரண்டு கண்ணாடி. அவன் மனைவியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“இனி எண்டால்?”

“மீன் ஆலையிலை முதல் சம்பளத் துண்டை வாசிக்கச் சொல்லி என்னட்டைத்தானே தந்தனி. பிறந்த திகதி மேலையே கிடந்தது.” பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்தான். “மேல்தட்டு ஏணியைப் பாத்து நீ வேர்த்துக்கொண்டு நிண்டது பாவமாக் கிடந்தது. அதுதான் பேசாமல் விட்டனான்.”

பதினெட்டு வருடம். குறைந்தது பத்தாயிரம் கோப்பி.

என்னைச் சுமந்தவன் எதிரில் உட்கார்ந்து பதினேழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“எனக்குப் பால் வேண்டாம். சீனி ரெண்டு, தம்பி.”

எழுந்தேன். எந்தக் காலை இழுத்து நடப்பது என்று ஒரு கணம் தேடினேன்.

பிறகு இரண்டையும் நேராகவே வைத்து, வரிசையில் போய் நின்றேன்.