எதுத்த கடைக்குப் போங்க

"அந்தக் கருமத்தை எல்லாம் நான் தொட மாட்டேன். அம்புட்டு ஆசையா இருந்தா எதுத்த கடைக்குப் போங்க."

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை முத்துப்பாண்டி போட்ட சத்தத்தில், பழங்காநத்தம் தெருவில் போய்க்கொண்டிருந்த ரெண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

சிவக்குமார் அப்படி ஒன்றும் கேட்கக் கூடாததைக் கேட்டுவிடவில்லை. உசிலம்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர். கடைக்கணக்குப் போடும் பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் இருக்கிற விண்டோஸுக்கு இனி அப்டேட் வராதாம். புது விண்டோஸ் போடலாமென்றால் அந்த லேப்டாப்புக்கு அது சேராதாம். நன்றாக ஓடுகிற சாமானைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்று ஒன்று இருக்கிறது, இலவசம்தான், பழசிலும் ஓடும், கம்ப்யூட்டர் அவ்வளவாகப் பழகாதவர்களுக்கும் கை வரும் என்று ஊரில் சொன்னார்கள். அதைப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டார். அவ்வளவுதான்.

"மின்ட்டாம் மின்ட்டு. பெட்டிக்கடை மிட்டாய்க்கு வைக்கிற பேரு. ஓசியில குடுக்கிறவன் உருப்படியாவா குடுப்பான்?"

அதோடு விடவில்லை. எதுத்த கடையில் ஒரு பிள்ளை இருக்கிறது, ஊரையே இதைப் போட வைத்துக்கொண்டிருக்கிறது, போய்ப் பட்டுப் பார்த்தால்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும் என்று இன்னும் ரெண்டு நிமிஷம் அர்ச்சனை நடந்தது.

பக்கத்து டீக்கடையில் விவரம் கிடைத்தது. எதுத்த கடை திவ்யா, இதே முத்துப்பாண்டியிடம் பல வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள்தானாம். பிள்ளை பிறந்தது, வைத்துப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளலாமென்று நேரே எதிரிலேயே தனிக்கடை போட்டுவிட்டாள். அந்தக் கட்டட ஓனர் மலைச்சாமி, தைக்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால் இடத்தைச் செல்போன் கடைக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"அதுக்குத்தான் முத்துப்பாண்டி காத்திருக்காரு. வயித்தெரிச்சல்ண்ணே, வேற என்ன," என்றார் டீ மாஸ்டர்.

ஒரு மனுஷன் மூச்சு வாங்கத் திட்டுகிறார் என்றால் அந்தச் சாமானில் என்னமோ இருக்கிறது என்றுதான் உசிலம்பட்டிக்காரருக்குத் தோன்றும். சிவக்குமார் டீ கிளாஸை வைத்துவிட்டு எதுத்த கடைப் படியேறினார்.

மானிட்டர்களுக்கு நடுவே சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. திவ்யா அதைக் காலால் ஆட்டிக்கொண்டே கையால் ஒரு பென்டிரைவைச் செருகினாள்.

"உடனே போட வேணாம்ணே. இதுலயே ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா உருவிருவோம். உங்க பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்."

சிவக்குமார் பயந்து பயந்துதான் தொட்டார். மூலையில் மெனு இருந்தது. அவர் கணக்குப் போட்டு வைத்த ஃபைல் திறந்தது. பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, தவிடு எல்லாம் வரிசை மாறாமல் இருந்தன. தமிழில் தன் பேரை அடித்தார், வந்தது. இத்தனை நாள் திணறிக் கிடந்த லேப்டாப் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. யாரும் சொல்லித்தராமல் அவரே பிரிண்ட் எடுக்கக்கூட வழி கண்டுபிடித்துவிட்டார்.

"போட்டுரும்மா," என்றார்.

திவ்யா கணக்கையெல்லாம் பத்திரமாக வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு மின்ட்டை ஏற்றினாள். அது ஏறுகிற நேரத்தில் முத்துப்பாண்டி பேசினதைச் சிவக்குமார் மெதுவாகச் சொன்னார். அவள் முகம் ஒன்றும் வாடவில்லை.

"திட்டட்டும்ணே. நான் போட்டுக் குடுத்ததை எடுத்துருன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல. ஒருத்தர் வந்தா மறுவாரம் மச்சினன், சகலைன்னு கூட்டியாறாரு. தை வரட்டும், ஓனருக்கு நான் பதில் சொல்லிக்கிருவேன்."

"முத்துப்பாண்டி அண்ணன் என் மூஞ்சியவே பார்க்க மாட்டேங்கிறாரு. அதுதான்..." என்று தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவக்குமாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று நேரே தெருவைக் கடந்தார்.

கல்லாவில் முத்துப்பாண்டி இல்லை. உள்ரூமில் பிரிண்டர் சத்தம் கேட்டது. வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ரெண்டு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தன. ரெண்டிலும், சற்றுமுன் அவர் தடவித் தடவிப் பழகிய அதே மெனு, அதே மூலையில்.

முத்துப்பாண்டி அவசரமாகத் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

"அண்ணே, இது..."

"மின்ட்தான். நாலஞ்சு மாசமா என் பொழப்பே இதுலதான் ஓடுது. இதைவிடத் தோதா ஒண்ணு நான் பார்த்ததில்ல."

"அப்புறம் ஏண்ணே அந்தத் தங்கச்சியவும் சேத்து அந்தத் திட்டுத் திட்டுனீங்க?"

முத்துப்பாண்டி திரையிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். எதுத்த கடைப் படியில் யாரோ ஒருவர் லேப்டாப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போய் உட்காரும்வரை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நல்ல சாமான்னு சொன்னா, 'அம்புட்டுத் தெரிஞ்ச நீங்களே போட்டுக் குடுங்கண்ணே'ன்னு எல்லாரும் இங்கேயே உக்காந்துருவீக தம்பி. அப்புறம் அந்தப் புள்ள கடையில விளக்கு எரிய வேணாமா?"