வெள்ளைக்கு ஒரு ஜோடி

ஒரு கருப்பு ஆண் முயலுக்குள் கருப்பு ஜீனும் வெள்ளை ஜீனும் ஜோடியாக இருந்தன.

"நான் இருக்கிற வரைக்கும் உன் நிறம் வெளியே தெரியாதுடா," என்று கருப்பு சீண்டும். உண்மைதான், ஒரு முடிகூட வெள்ளையாக இல்லை.

குட்டி உருவாகும் நேரம் வந்தது. விந்தணுவில் ஜோடியில் ஒருவருக்குத்தான் இடம். அதிர்ஷ்டம் வெள்ளைக்கு அடித்தது!

"போ, போ! அம்மா முயலும் கருப்புதான். கருமுட்டையிலும் என் ஆள்தான் இருப்பான்," என்று கருப்பு கத்தியது.

வெள்ளை கருமுட்டைக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே இன்னொரு வெள்ளை!

"அடேய், நீயுமா? இத்தனை நாள் எங்கடா இருந்தே?"

"உன்னை மாதிரிதான், ஒரு கருப்பன் பின்னாடி!"

பஞ்சு மாதிரி வெள்ளைக் குட்டி பிறந்தது. அப்பா முயல் முகர்ந்து பார்த்து, "இது யார் ஜாடை?" என்று முறைத்தது.

குட்டிக்குள்ளிருந்து இரண்டு வெள்ளையும் கத்தின: "பாதி உங்க ஜாடை, பாதி அம்மா ஜாடை!"