தங்கைக்கு ஒரு விசில்

"கூடப் பிறந்தவளுக்கு எதிரா எவளாவது விசில் ஊதுவாளா? அவளை யாரோ எவரோ மாதிரி நடத்திட்டியே."

அம்மா சமையலறையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். பெரியவள் நனைந்த காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். வீட்டுச் சண்டைகளில் அவர் எப்போதும் பார்வையாளர்தான்.

சின்னவள் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடிந்ததிலிருந்து அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. அம்மாவின் திட்டு பழகிப்போன ஒன்று.

வெளியே தூறல். பெரியவளுக்கு இன்னும் அந்த மைதானத்திலேயே நிற்பது போலிருந்தது. தண்ணீர் தெளித்த பச்சைத் தரை, விளக்கு வெளிச்சத்தில் மிதக்கும் சாரல், அதற்குள் சத்தமே இல்லாமல் ஓடும் பெண்கள். எல்லாம் கனவில் போல மெதுவாக நகர்ந்தது.

ஹாக்கி இறுதிப் போட்டி. வரவேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டு கேப்டன்களும் சம்மதித்த பிறகுதான் பெரியவள் விசிலைக் கையில் வாங்கினாள்.

தங்கையின் அணி ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடத்தில் எதிரணி அடித்த பந்து, கோல் கோட்டில் நின்ற தங்கையின் மேல் பட்டு நின்றது. மட்டையில் பட்டிருந்தால் ஒன்றுமில்லை. காலில் பட்டிருந்தால் பெனால்டி ஸ்ட்ரோக். கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்திவிட்டு அடிப்பார்கள்.

"மட்டையிலதான் பட்டுது" என்றாள் தங்கை.

இவள் ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு விசில் ஊதினாள். கோல் விழுந்தது. ஆட்டம் சமனாகி, அடுத்து நடந்த ஷூட்-அவுட்டில் கோப்பையும் கைநழுவியது.

"அக்கா." சின்னவள் திரும்பாமலே கூப்பிட்டாள்.

"சொல்லுடி."

"நமக்கு நடுவுல மூணு பேர் நின்னாங்க. என் காலே உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியல."

அம்மா கரண்டியோடு வாசல்படிக்கு வந்துவிட்டாள். அப்பாவின் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது.

"கண்ணால பார்க்காததுக்கு விசில் ஊதக் கூடாதுன்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்ப?"

"ஆமா. நான் செஞ்சது தப்புதான்."

"அப்புறம் எதுக்கு ஊதின?"

"இப்ப சொல்லு. மட்டையிலயா பட்டுது?"

"மட்டையிலதான்" என்று திரும்பினாள் சின்னவள். சொல்லும்போதே அவள் விரல்கள் இடது காது மடலைப் பிடித்துத் திருகின.

பாலைக் கொட்டியது பூனை என்று சாதித்தபோதும் இதே காதுதான். அப்பாவின் மூக்குக்கண்ணாடி தானாக உடைந்தபோதும் இதே காதுதான்.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். சின்னவள் மெதுவாகக் கையை இறக்கினாள்.

"அங்கயும் பிடிச்சேனா?"

"பிடிச்ச."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எழுந்து வந்து அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெரியவள் அவள் தலையைத் தடவினாள்.

"அம்மா சொல்ற மாதிரி உன்னை யாரோ எவரோன்னு நினைச்சிருந்தா, நான் விசிலே ஊதியிருக்க மாட்டேன்டி."