ஆறு மணி நேரம் குறைவு

பிளஸ் டூ சான்றிதழ் வாங்க வேண்டுமானால், குடும்பத்தில் ஒரே நோயாளியை நூறு மணி நேரம் பராமரித்திருக்க வேண்டும். அது கட்டாயப் பாடம். தொண்ணூற்று நாலு மணி நேரம் முடிந்தபோது யாழிசையின் அப்பா இறந்துபோனார்.

"ஆறு மணி நேரம் குறையுதும்மா," என்றார் பள்ளி எழுத்தர்.

"செத்த மனுஷனை எழுப்பிக் கஞ்சி ஊட்டச் சொல்றீங்களா?" அம்மா செண்பகவல்லி மேசையில் அடித்தாள்.

"என்கிட்ட கோவப்பட்டு என்ன செய்ய? வேற நோயாளின்னா மொதல்லேர்ந்து நூறு மணி நேரம். வீட்ல யாராவது இருக்காங்களா?"

"நாங்க ரெண்டு பேருதான் சார்," என்றாள் யாழிசை.

செண்பகவல்லி பையைத் துழாவி, நாலாக மடித்த மருத்துவமனை அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வீசினாள். மகள் அதை இதுவரை பார்த்ததில்லை.

"பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். எம் பேரை எழுதிக்கோங்க. நூறு மணி நேரத்துக்கு உயிரோட இருப்பேன்."